டெர்மினலில் இருந்தே லேப்டாப் பிரைட்னஸ்: எக்ஸ்ரேண்டர் போட்டும் பேட்டரி ஏன் மிச்சமாகல?

ஊர்க்குருவி:

வணக்கம் மக்களே. பழைய லேப்டாப் ஒண்ணு கைக்கு வந்தது. இன்டெல் கிராபிக்ஸ், டெபியன் 11 லினக்ஸ், கெர்னல் 5.10. க்னோம், கேடிஈ மாதிரி முழு டெஸ்க்டாப் எதுவும் போடல, ஐ3ங்கிற விண்டோ மேனேஜர் மட்டும்தான். மத்ததெல்லாம் நல்லா ஓடுது, பிரைட்னஸ் மட்டும் படுத்துது. எஃப்என்னோட சூரியன் படம் போட்ட கீயை அமுக்கினா ஒண்ணுமே ஆகல. ரூம்ல நாலு பேர். பத்தரைக்கு லைட்டை அணைச்சிடுவாங்க. அதுக்கப்புறம் என் ஸ்க்ரீன் வெளிச்சம் எதிர் கட்டில்காரன் மூஞ்சியில அடிக்குது, தினமும் திட்டு.

தேடினதுல ரெண்டு வழி கிடைச்சுது. ஒண்ணு எக்ஸ்பேக்லைட். அது "எந்த அவுட்புட்லயும் பேக்லைட் ப்ராப்பர்ட்டி இல்ல"ன்னு சொல்லிட்டு நின்னுடுது. இன்னொண்ணு இது:

எக்ஸ்ரேண்டர் --அவுட்புட் ஈடிபி-1 --பிரைட்னஸ் 0.4

இது வேலை செய்யுது, ஸ்க்ரீன் மங்குது. ஆனா கறுப்பு கறுப்பா இல்ல, வெளிறிப்போய் சாம்பலாத் தெரியுது. பேட்டரி முன்னாடி எவ்வளவு நேரம் நின்னுதோ அதேதான் நிக்குது. சரியான வழி எது? மவுஸ்ல ஸ்லைடர் இழுக்குற கதை வேண்டாம், கீபோர்டுலயே முடியணும்.

திண்ணைக்காரன்:

தம்பி, எக்ஸ்ரேண்டர் உன் பேக்லைட்டைத் தொடவே இல்ல. கிராபிக்ஸ் கார்டுல காமா அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு நிறமும் ஸ்க்ரீனுக்குப் போறதுக்கு முன்னாடி அது வழியாத்தான் போகும். நீ 0.4 கொடுத்தா அந்த அட்டவணையைச் சுருக்கிடுது. 255ன்னு போக வேண்டிய வெள்ளை 102ஆப் போகுது, அவ்வளவுதான். ஸ்க்ரீனுக்குப் பின்னாடி இருக்குற எல்ஈடி வரிசை முழு வெளிச்சத்துல எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. எரியுற பல்பு மேல துணியைப் போட்டு மூடிட்டா கரண்டு மீட்டர் நின்னுடுமா?

எல்சிடி பிக்சலுக்கு வெளிச்சம் உண்டாக்கத் தெரியாது, பின்னாடி இருந்து வர்றதை மறைக்க மட்டும்தான் தெரியும். அதையும் முழுசா மறைக்காது. கறுப்பு வெளிறுறதுக்குக் காரணம் அந்தக் கசிவுதான்.

எக்ஸ்பேக்லைட் வேற விஷயம். அது ஸ்க்ரீன்ல படம் வரையுற எக்ஸ் சர்வர்கிட்ட பேக்லைட்ங்கிற ப்ராப்பர்ட்டியைக் கேக்கும். பழைய இன்டெல் டிரைவர் அதைக் கொடுத்துது. இப்ப பொதுவா ஓடுற மோட்செட்டிங் டிரைவர் கொடுக்கறதில்ல. அதனால கையை விரிச்சிடுது.

நீ பாக்க வேண்டிய இடம் /சிஸ்/கிளாஸ்/பேக்லைட்/. அதுக்குள்ள என்னென்ன பேர் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் மேக்ஸ்_பிரைட்னஸ் என்ன காட்டுதுன்னு பார்த்துச் சொல்லு. (மொபைல்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறேன், அதனால கட்டளையெல்லாம் உச்சரிப்பாத்தான் வரும். டெர்மினல்ல ஆங்கிலத்துல அடிச்சுக்க, பெரும்பாலும் சின்ன எழுத்துதான்.)

பேட்டரி நேரத்தை வச்சு ஒப்பிடாத. /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/ உள்ள பேட்0ன்னு (பெரிய எழுத்துல) ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல பவர்_நவ் ஃபைலைப் படி. அளவு மைக்ரோவாட்ல வரும், 9800000ன்னு இருந்தா 9.8 வாட். சில மெஷின்ல பவர்_நவ் இருக்காது. கரன்ட்_நவ், வோல்டேஜ்_நவ் ரெண்டையும் நீயே பெருக்கிக்கணும். சார்ஜரைக் கழட்டிட்டுப் பாரு.

ஊர்க்குருவி:

நன்றி அண்ணே. ரெண்டு பேர் இருக்கு: ஏசிபிஐ_வீடியோ0, இன்டெல்_பேக்லைட். முதல்ல இருக்குறதுக்கு மேக்ஸ் 15, ரெண்டாவதுக்கு 4882.

பவர்_நவ் பார்த்தேன். எக்ஸ்ரேண்டரை 1ல இருந்து 0.4க்கு மாத்தினா எண் அசையவே இல்ல. நீங்க சொன்னது புரிஞ்சுது.

எழுதிப் பார்க்கலாம்னு இதை அடிச்சேன்:

சூடோ எக்கோ 1000 > /சிஸ்/கிளாஸ்/பேக்லைட்/இன்டெல்_பேக்லைட்/பிரைட்னஸ்

அனுமதி மறுப்புன்னு வருது. சூடோ போட்டும் ஏன்?

மின்மினி:

இங்க சூடோவோட அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான் போகுது. அந்த > குறியைப் பார்த்து ஃபைலைத் திறக்கிறது உங்க ஷெல். அது சூடோ ஓடுறதுக்கு முன்னாடியே, உங்க சாதாரண யூசர் பேர்ல திறக்கப் பார்க்கும். பிரைட்னஸ் ஃபைல்ல எழுத ரூட்டுக்கு (அட்மின் யூசர்) மட்டும்தான் உரிமை, அதனால அங்கேயே மறுத்துடுது. எக்கோ ஓடவே இல்ல.

இப்படி மாத்துங்க:

எக்கோ 1000 | சூடோ டீ /சிஸ்/கிளாஸ்/பேக்லைட்/இன்டெல்_பேக்லைட்/பிரைட்னஸ்

இப்ப ஃபைலைத் திறக்கிறது டீங்கிற கட்டளை, அது ரூட்டா ஓடுது. டீ தான் எழுதின எண்ணை டெர்மினல்லயும் திருப்பிக் காட்டும், அது பிழை இல்ல.

ஊர்க்குருவி:

வந்துடுச்சு!! கறுப்பு கறுப்பாவே இருக்கு. பவர்_நவ்வும் கண்ணெதிரே இறங்குது.

ஆனா ஏசிபிஐ_வீடியோ0ல 3ன்னு எழுதினா ஸ்க்ரீன் மாறவே இல்ல. திரும்பப் படிச்சா 3ன்னுதான் காட்டுது. ஒரே ஸ்க்ரீனுக்கு எதுக்கு ரெண்டு?

திண்ணைக்காரன்:

ஒவ்வொண்ணுக்கும் உள்ள டைப்னு ஒரு ஃபைல் இருக்கும், படிச்சுப் பாரு. ஏசிபிஐ_வீடியோ0ல ஃபர்ம்வேர்னு இருக்கும், இன்டெல்_பேக்லைட்ல ரா. நடுவுல பிளாட்ஃபார்ம்னு ஒரு வகையும் உண்டு, லேப்டாப் கம்பெனிக்குன்னு தனியா எழுதின டிரைவர் அது.

ஃபர்ம்வேர் வகையில கெர்னல் தானா எதையும் மாத்தாது. பயாஸ்ல இருக்குற ஏசிபிஐ நிரலைக் கூப்பிட்டு "3ஆம் படிக்குப் போ"ன்னு சொல்லும். ரா வகையில கிராபிக்ஸ் டிரைவரே சிப்ல இருக்குற பதிவேட்டுல நேரா எழுதும். கெர்னல் ஆவணத்துல முன்னுரிமை வரிசை ஃபர்ம்வேர், பிளாட்ஃபார்ம், ரா அப்படின்னு இருக்கு, பழைய மெஷினுக்கு அது பொருந்தும். விண்டோஸ் 8க்கு அப்புறம் வந்த மெஷின்கள்ல விண்டோஸே கிராபிக்ஸ் டிரைவர் வழியா பேக்லைட்டை ஆள ஆரம்பிச்சுது. அதனால பயாஸ் பக்கத்து நிரலை யாரும் சோதிச்சுப் பார்க்கறதில்ல. கூப்பிட்டா சரின்னு தலையாட்டும், வேலை நடக்காது. உனக்கு நடந்தது அதேதான்.

பிரைட்னஸ் ஃபைல் காட்டுறது கேட்ட எண். உண்மையில ஹார்டுவேர் எங்க நிக்குதுன்னு தெரிய ஆக்சுவல்_பிரைட்னஸ் ஃபைலைப் படிக்கணும். ஆனா ஃபர்ம்வேர் வகையில அதையும் முழுசா நம்ப முடியாது, பதில் சொல்றதும் அதே பயாஸ்தானே.

பூட் லைன்ல ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ் கொடுத்தா அந்தப் பொம்மை காணாமப் போயிடும். கெர்னல் 6.1ல இந்தப் பகுதியையே திருத்தி எழுதிட்டாங்க, ஒரு ஸ்க்ரீனுக்கு ஒரே பேர்தான் வரணும்னு. டெபியன் 12ல 6.1தான் இருக்கு. அவசரம் இல்லன்னா அதுக்கு மாறினாலே போதும்.

மின்மினி:

தினசரி உபயோகத்துக்கு எக்கோ, டீ எல்லாம் எதுக்கு? பிரைட்னஸ்சிடிஎல் போட்டுக்கோங்க (பிரைட்னஸ்ங்கிற சொல்லோட சி, டி, எல் மூணு எழுத்தும் ஒட்டி வரும்). டெபியன்லயே இருக்கு.

பிரைட்னஸ்சிடிஎல் செட் 40%
பிரைட்னஸ்சிடிஎல் செட் +5%
பிரைட்னஸ்சிடிஎல் செட் 5%-

கூட்டும்போது குறி முன்னாடி, குறைக்கும்போது பின்னாடி. கழித்தலை முன்னாடி வச்சா அதை ஒரு ஆப்ஷன்னு நினைச்சுக்கும். -எல் கொடுத்தா இருக்குற எல்லாத்தையும் பட்டியல் போடும், -டி கொடுத்து எதுன்னு சொல்லலாம். உங்களுக்கு ரெண்டு பேர் இருக்கறதால -டி இன்டெல்_பேக்லைட் கட்டாயம் கொடுங்க.

எஃப்என் கீ ஏன் வேலை செய்யலன்னா, ஐ3ல அதைக் கேட்டுக்கிட்டு இருக்க ஆள் இல்ல. க்னோம்ல பின்னாடி ஒரு டீமன் ஓடும், கீ வந்ததும் அது பிரைட்னஸை மாத்தும். இங்க நீங்கதான் ஐ3 கான்ஃபிக்ல எழுதணும். பைண்ட்சிம் வரியில எக்ஸ்எஃப்86மான்பிரைட்னஸ்அப், எக்ஸ்எஃப்86மான்பிரைட்னஸ்டவுன் ரெண்டு கீக்கும் எக்ஸெக் போட்டு மேலே இருக்குற கட்டளையைக் கொடுங்க. கீ வருதா இல்லையான்னு சந்தேகம்னா எக்ஸ்ஈவி ஓடவிட்டு அமுக்கிப் பாருங்க.

வெட்டிவேர்:

ஒரு ஃபைல்ல ஒரு எண் எழுதறதுக்கு ஒரு பேக்கேஜ். கலிகாலம்.

நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வீட்டு ஃபோல்டர்ல போடு, சூடோயர்ஸ்ல அதுக்கு மட்டும் நோபாஸ்வேர்ட் கொடு (சூடோ விதி ஃபைல் அது), முடிஞ்சுது. நான் வருஷக்கணக்கா அப்படித்தான் ஓட்டுறேன்.

மின்மினி:

> வீட்டு ஃபோல்டர்ல போடு, சூடோயர்ஸ்ல அதுக்கு மட்டும் நோபாஸ்வேர்ட் கொடு

இதை யாரும் செய்யாதீங்க. வீட்டு ஃபோல்டர்ல இருக்குற ஸ்கிரிப்டை உங்க யூசர் பேர்ல ஓடுற எந்த நிரலும் திருத்தலாம். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஒண்ணு மோசமானதா மாட்டினாப் போதும், அந்த ஸ்கிரிப்டுல ஒரு வரி சேர்த்துட்டு சூடோ போட்டு ஓட்டிடும், பாஸ்வேர்டும் கேக்காது. மெஷினே அதுக்கு.

ஸ்கிரிப்ட்தான் வேணும்னா /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்ல, ரூட்டுக்குச் சொந்தமா, மத்தவங்க எழுத முடியாதபடி வைங்க. உள்ள வர்ற எண்ணைச் சோதிச்சுட்டு எழுதுங்க.

வெட்டிவேர்:

என் லேப்டாப்பை என்னைத் தவிர யாரும் தொடறதில்ல அக்கா. ஆனா ரூட்டுக்குச் சொந்தமா வைக்கணும்ங்கிறது நியாயம், ஏத்துக்கிறேன். பேக்கேஜ் வேண்டாம்ங்கிறதுல மாற்றமில்ல.

திண்ணைக்காரன்:

சண்டை போடாதீங்கய்யா. சூடோவே இல்லாத வழி ரெண்டு இருக்கு.

யூடெவ் (டிவைஸ்களைக் கவனிக்கிற சேவை) ரூல் ஒண்ணு. பேக்லைட் டிவைஸ் உருவாகும்போதே பிரைட்னஸ் ஃபைலை வீடியோங்கிற குழுவுக்குக் கொடுத்து, குழுவுக்கு எழுதுற உரிமையும் கொடுத்துடலாம். டெபியன்ல பிரைட்னஸ்-யூடெவ்னு இதுக்கே பேக்கேஜ் இருக்கு. உன் யூசரை வீடியோ குழுவுல சேர்த்துட்டு, வெளியே போய்த் திரும்ப லாகின் பண்ணு. டெர்மினலை மூடித் திறந்தா மட்டும் போதாது, குழு விவரம் லாகின் நேரத்துலதான் ஏறும்.

இன்னொண்ணு லாகின்டி, சிஸ்டம்டியோட லாகின் செஷன்களைக் கவனிக்கிற பகுதி. சிஸ்டம்டி 243ல இருந்து செட்பிரைட்னஸ்னு ஒரு அழைப்பு இருக்கு. குழுவும் வேண்டாம், ரூட்டும் வேண்டாம். பஸ்சிடிஎல் வழியா லாகின்1 சேவையோட செஷன் ஆப்ஜெக்டைக் கூப்பிட்டு, எஸ்எஸ்யூ பேக்லைட் இன்டெல்_பேக்லைட் 900 அப்படின்னு கொடுக்கணும். எஸ்எஸ்யூன்னா ரெண்டு எழுத்துச்சரம், ஒரு குறியில்லாத எண். செஷன் பாதையில கடைசியா ஆட்டோன்னு போட்டா உன் செஷனையே எடுத்துக்கும்.

எனக்கு இதுதான் பிடிக்கும். அந்த மெஷின் முன்னாடி உக்காந்திருக்குற ஆளுக்கு மட்டும் உரிமை கிடைக்குது. வேற யூசர் முன்னாடி வந்துட்டா உன் அழைப்பை மறுத்துடும். எஸ்எஸ்எச்ல தூரத்துல இருந்து வந்து கூப்பிட்டாலும் அந்த செஷனுக்கு சீட் (மெஷினோட ஸ்க்ரீன், கீபோர்டு) கிடையாது, மறுத்துடும். வெட்டிவேருக்கும் பிரச்சினை இல்ல, சிஸ்டம்டி ஏற்கெனவே மெஷின்லதான இருக்கு.

வெட்டிவேர்:

சிஸ்டம்டியைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா இந்த இழை திசைமாறிடும். விட்டுடறேன்.

ஒற்றைப்பனை:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நான் ஏஎம்டி மடிக்கணினி பாவிக்கிறனான். எனக்கு பெயர் ஏஎம்டிஜிபியு_பிஎல்0 எண்டு இருந்தது, மேக்ஸ் 255. கெர்னல் அப்டேட் வந்தாப் பிறகு அதே சாதனம் ஏஎம்டிஜிபியு_பிஎல்1 எண்டு மாறிப் போச்சுது. பெயரை நேரா எழுதி வச்ச ஸ்கிரிப்ட் எல்லாம் படுத்திட்டுது.

அந்த இலக்கம் நிலையில்லை, கார்டுகளும் டிரைவரும் எழும்புற ஒழுங்கைப் பொறுத்தது. ஒரேயொரு பேக்லைட் உள்ள மெஷின் எண்டால் பெயருக்குப் பதிலா /சிஸ்/கிளாஸ்/பேக்லைட்/* எண்டு உடுக்குறி போட்டு எழுதுங்கோ, பெயர் மாறினாலும் பிழைக்காது. மேக்ஸ் அளவையும் ஸ்கிரிப்ட் தானே வாசிக்கட்டும். சில ஏஎம்டியில 255, சிலதில 65535. 200 எண்டு எழுதி வச்சால் ஒரு இடத்தில பளிச்செண்டு இருக்கும், மற்ற இடத்தில கும்மிருட்டு.

எனக்கும் ஒரு கேள்வி. வீட்டில வெளி மொனிட்டர் ஒண்டு எச்டிஎம்ஐயில பூட்டியிருக்கு. அது இந்த ஃபோல்டருக்குள்ள வரேல்லை. அதையும் டெர்மினலில இருந்து குறைக்கேலுமோ?

மின்மினி:

முடியும். வெளி மானிட்டரோட பேக்லைட் உங்க கிராபிக்ஸ் கார்டு கையில இல்ல, மானிட்டருக்குள்ள இருக்குற போர்டு கையில இருக்கு. அதுகிட்ட பேச டிடிசி/சிஐன்னு ஒரு முறை. எச்டிஎம்ஐ கேபிளுக்குள்ளயே அதுக்கு ஐ2சி கம்பி ஓடுது.

டிடிசியூடில் போடுங்க. ஐ2சி-டெவ் மாட்யூல் ஏறியிருக்கணும், உங்க யூசர் ஐ2சி குழுவுல இருக்கணும். அப்புறம்:

டிடிசியூடில் டிடெக்ட்
டிடிசியூடில் கெட்விசிபி 10
டிடிசியூடில் செட்விசிபி 10 35

அந்த 10 சதவீதம் இல்ல. பிரைட்னஸுக்கான குறியீட்டு எண், பதினாறடிமானத்துல. 12 போட்டா கான்ட்ராஸ்ட். கடைசியில இருக்குற 35தான் நீங்க கேக்குற அளவு.

டிடெக்ட்ல மானிட்டர் வரலன்னா மானிட்டர் மெனுவுக்குள்ள போய் டிடிசி/சிஐ ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. நடுவுல டாக், கன்வெர்ட்டர் இருந்தா அதைக் கழட்டிட்டு நேராச் சொருகிப் பாருங்க, சிலது இந்தப் பேச்சைக் கடத்தாது. வேகம் எதிர்பார்க்காதீங்க. ஐ2சி மெதுவானது, கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா கட்டளைகள் வரிசையில நிக்கும்.

ஒற்றைப்பனை:

மெத்த நன்றி அக்கா. மெனுவுக்குள்ள நிப்பாட்டித்தான் கிடந்தது. இப்ப வேலை செய்யுது.

சுக்குக்காப்பி:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். ஆபீஸ் லேப்டாப், விண்டோஸ். இதே மாதிரி பவர்ஷெல்ல முடியுமா?

வெட்டிவேர்:

முடியும். டபிள்யூஎம்ஐல (விண்டோஸோட நிர்வாக வசதி) ரூட்/டபிள்யூஎம்ஐ நேம்ஸ்பேஸ், டபிள்யூஎம்ஐமானிட்டர்பிரைட்னஸ்மெத்தட்ஸ் கிளாஸ். அதோட டபிள்யூஎம்ஐசெட்பிரைட்னஸைக் கூப்பிட்டு (1, 40) கொடுங்க. முதல் எண் நேரம், நொடியில. ரெண்டாவதுதான் சதவீதம். உள் ஸ்க்ரீனுக்கு மட்டும்தான் கேக்கும், வெளி மானிட்டருக்கு இல்ல.

ஊர்க்குருவி:

பிரைட்னஸ்சிடிஎல் போட்டு கீயும் கட்டியாச்சு, லாகின் பண்ணித் திரும்ப வந்ததும் ஓடுது. ரெண்டு சந்தேகம்.

1. ராத்திரி இன்னும் குறைக்கணும்னு 5%-ஐ அமுக்கிக்கிட்டே போனா கடைசிப் படியில சட்டுனு மொத்தமா இருட்டாகிடுது. கீழே ஒவ்வொரு படியும் பெரிய பள்ளமா இருக்கு, மேலே 90ல இருந்து 95 போனா வித்தியாசமே தெரியல.

2. பூஜ்யம் போனா ஆபத்தா?

திண்ணைக்காரன்:

முதல்ல பூஜ்யம். அது மெஷினுக்கு மெஷின் மாறும். சிலதுல 0ன்னா ரொம்ப மங்கலான கடைசிப் படி, எழுத்து தெரியும். சிலதுல 0ன்னா பேக்லைட் மொத்தமா அணைஞ்சிடும். ஹார்டுவேருக்கு ஒண்ணும் ஆகாது, உனக்குத்தான் கண்ணு தெரியாது. டார்ச் அடிச்சு ஸ்க்ரீனைச் சாய்வாப் பார்த்தா எழுத்து லேசாத் தெரியும், பார்த்துக்கிட்டே அடிச்சுடலாம். இல்லன்னா கீ கட்டியிருக்கியே, கூட்டுற கீயை அமுக்கு. அதுவும் முடியலன்னா ரீபூட். சிஸ்டம்டி-பேக்லைட்னு ஒரு சேவை ஷட்டவுன்ல அளவைச் சேமிச்சு, பூட்ல திரும்பக் கொடுக்கும். கொடுக்கும்போது மேக்ஸ்ல 5 சதவீதத்துக்குக் கீழே விடாது, இதே காரணத்துக்காகத்தான். உன் 4882க்கு அது 244.

பிரைட்னஸ்சிடிஎல்ல -என் கொடுத்தா ஒரு எல்லைக்குக் கீழே இறங்காது. அதை வச்சுக்க.

வேணும்னே அணைக்கணும்னா பூஜ்யம் எழுதாத. பக்கத்துலயே பிஎல்_பவர்னு ஃபைல் இருக்கு. 4 எழுதினா அணையும், 0 எழுதினா எரியும். இங்க மட்டும் எண் தலைகீழ். பாட்டு ஓடவிட்டுட்டு ஸ்க்ரீனை அணைக்க நான் இதைத்தான் வச்சிருக்கேன். இதுக்கு ரூட் வேணும், மேலே சொன்ன யூடெவ் ரூல் பிரைட்னஸ் ஃபைலை மட்டும்தான் திறந்துவிடுது.

மின்மினி:

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்றேன். கண்ணு வித்தியாசத்தைக் கூட்டிக் கழிச்சுப் பார்க்காது, விகிதத்துலதான் பார்க்கும். உங்களுக்கு 5%ன்னா 244. 244ல இருந்து 488 போனா வெளிச்சம் ரெண்டு மடங்கு. 4394ல இருந்து 4638 போனா பதினெட்டுல ஒரு பங்குதான் கூடுது. ரெண்டும் "5%"தான்.

அதனால கூட்டாம பெருக்குங்க. புதிய பிரைட்னஸ்சிடிஎல்ல -ஈ ஆப்ஷன் இதுக்குத்தான், சதவீதத்தை வளைகோட்டுல எடுத்துக்கும். டெபியன் 11ல இருக்குற பழைய பதிப்புல அது இல்லன்னா ஸ்கிரிப்டுலயே செய்யலாம், வெட்டிவேர் சந்தோஷப்படுவார். மேலே போக இப்போதைய அளவு × 5 / 4, கீழே வர × 4 / 5. 5 சதவீதத்துல இருந்து 100 போக 13, 14 அமுக்கு ஆகும், ஒவ்வொரு படியும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும்.

வெட்டிவேர்:

சந்தோஷம்தான். ஆனா ஷெல்ல ஒரு பொறி இருக்கு. அதுல தசமம் கிடையாது, முழு எண் மட்டும்தான். 3 × 5 / 4 போட்டா 3.75 வராது, 3தான் வரும். அளவு 1, 2, 3ல மாட்டிக்கிட்டா கூட்டுற கீயை எத்தனை தடவை அமுக்கினாலும் அங்கேயே நிக்கும். 0ன்னா கேக்கவே வேண்டாம். ஏறும்போது கடைசியில ஒரு + 1 சேர்த்துடு:

புதுசு = இப்ப × 5 / 4 + 1

பெருக்கலை முதல்ல போடணும். 5 / 4ஐ முதல்ல வகுத்தா 1 வந்துடும், எதுவுமே ஏறாது. மேக்ஸைத் தாண்டினா மேக்ஸ்லயே நிறுத்து, இல்லன்னா கெர்னல் எழுதவிடாம பிழை சொல்லும்.

ஏசிபிஐ வகைக்கு 15 படிதான், அங்க இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அந்தப் படிகளைப் பயாஸ்காரங்களே வளைச்சு வச்சிருப்பாங்க.

சுக்குக்காப்பி:

இவ்வளவு படிச்ச பிறகு கேக்கறேன். வீட்டு லேப்டாப்புல (அது உபுண்டு) பேக்லைட்டை ரொம்பக் குறைச்சா எனக்குத் தலைவலி வருது. எக்ஸ்ரேண்டர்ல குறைச்சா வரல. மனப்பிரமையா?

மின்மினி:

பிரமையா இல்லாமலும் இருக்கலாம். நிறைய ஸ்க்ரீன்ல எல்ஈடியை மங்கலா எரியவிடறதில்ல, முழு வெளிச்சத்துல எரியவிட்டு நொடிக்கு நூத்துக்கணக்கான தடவை அணைச்சு அணைச்சுக் குறைக்கிறாங்க. பிடபிள்யூஎம்னு சொல்றது இதைத்தான். 100%ல துடிப்பு கிடையாது, குறைக்கக் குறைக்க அணைஞ்சிருக்குற நேரம் கூடும். வேகம் குறைவான ஸ்க்ரீன்ல சிலருக்குக் கண்வலி, தலைவலி வரும்.

வெள்ளைப் பக்கம் திறந்துவச்சு, பிரைட்னஸைக் குறைச்சுட்டு, ஸ்க்ரீனுக்கு முன்னாடி பேனாவை விசிறி மாதிரி வேகமா ஆட்டுங்க. பேனா ஒரே மங்கலா இழுபட்டுத் தெரிஞ்சா துடிப்பு இல்ல. தனித்தனிப் பேனாக்களா அடுக்கித் தெரிஞ்சா இருக்கு.

இருந்தா உங்களுக்கு எக்ஸ்ரேண்டர்தான் சரி. பேக்லைட்டை உயரத்துலயே வச்சுட்டு காமாவுல குறைங்க, பேட்டரி போனாப் போகட்டும். எக்ஸுக்குப் பதிலா வந்த வேலேண்டுல எக்ஸ்ரேண்டர் வேலை செய்யாது. ஸ்வே மாதிரி இருந்தா காமாஸ்டெப் -பி 0.6 கொடுத்துப் பாருங்க, க்னோம் வேலேண்டுல அதுவும் நடக்காது.

திண்ணைக்காரன்:

இன்னொரு விதிவிலக்கும் இருக்கு, நான் முதல்ல சொன்னதை எல்லாருக்கும் பொதுன்னு எடுத்துக்காதீங்க. ஓலெட் ஸ்க்ரீன்ல பேக்லைட்டே கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே எரியுது. அங்க எக்ஸ்ரேண்டர்ல மங்கடிச்சா பேட்டரியும் மிச்சமாகும், கறுப்பும் வெளிறாது. அதுலயும் /சிஸ்/கிளாஸ்/பேக்லைட்/ வரும், பேர் மட்டும்தான் பேக்லைட். டிரைவர் அளவை ஸ்க்ரீனுக்கு டிஸ்ப்ளே இணைப்புல இருக்குற ஆக்ஸ் கம்பி வழியா அனுப்பும். பழைய கெர்னல்ல இன்டெல் ஓலெட்டுக்கு பிரைட்னஸ் மாறலன்னா ஐ915.எனேபிள்_டிபிசிடி_பேக்லைட்=1 பூட் லைன்ல கொடுத்துப் பார்க்கணும்.

ஊர்க்குருவி:

டெபியன் 12க்கு ஏத்திட்டேன். அண்ணே சொன்ன மாதிரி ஏசிபிஐ_வீடியோ0 காணோம், இன்டெல்_பேக்லைட் மட்டும் நிக்குது. -டி கூட இப்ப தேவைப்படல. பெருக்கல் ஸ்கிரிப்டைக் கீயில கட்டியிருக்கேன், எண்ணை எழுதறது மட்டும் லாகின்டி வழியா. ராத்திரி 60ங்கிற எண்ணுல (சதவீதம் இல்ல) வச்சாலே நிரல் படிக்க முடியுது. எதிர் கட்டில்காரன் தன் லேப்டாப்புக்கும் செஞ்சு தரச் சொல்றான்.

அவன் மெஷின்ல கீபோர்டுக்கும் லைட் இருக்கு, அது அணையவே மாட்டேங்குது. பேக்லைட் ஃபோல்டர்ல அது இல்ல. பிரைட்னஸ்-யூடெவ் அதுக்கு இன்புட் குழுவுல சேரணும்னு கேக்குது. சேர்க்கலாமா?

மின்மினி:

அது /சிஸ்/கிளாஸ்/லெட்ஸ்/ உள்ள இருக்கும், பேர் கேபிடி_பேக்லைட்னு முடியும். மேக்ஸைப் படிச்சுப் பாருங்க, பெரும்பாலும் சின்ன எண்ணா இருக்கும். அங்க பூஜ்யம் எழுதினா அணையும், பயமில்லாம எழுதலாம்.

இன்புட் குழுவுல மட்டும் சேர்க்காதீங்க. அந்தக் குழுவுல இருக்குற யூசரோட எந்த நிரலும் /டெவ்/இன்புட் வழியா கீபோர்டுல அடிக்கிற எல்லாத்தையும் படிக்கலாம், பாஸ்வேர்டு உட்பட. ஒரு லைட்டை அணைக்க அவ்வளவு கொடுக்க வேண்டியதில்ல. நீங்க ஏற்கெனவே வச்சிருக்குற அதே செட்பிரைட்னஸ் அழைப்புல பேக்லைட்ங்கிற இடத்துல லெட்ஸ்னு போட்டு, அடுத்து அந்தப் பேரைக் கொடுங்க.

ஊர்க்குருவி:

அணைஞ்சிடுச்சு அக்கா. நன்றி. தலைப்புல "தீர்ந்தது"ன்னு சேர்த்துடறேன்.